குறுக்கே வந்த நாய்

ஆடி பிறந்துவிட்டால் குத்தம்பாக்கத்துக் கங்கையம்மன் கோயில் தெருவில் யாரும் யாரோடும் மெதுவாகப் பேச முடியாது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கு வாய் திறந்தால் இரவுச் சாப்பாடு வரைக்கும் மூடாது. மூன்றாவது ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். அன்று காலையில் வாலிபர் மன்றத்தின் ஓட்டப்பந்தயம். கோயிலில் தொடங்கி ஏரிக்கரை மேலேறி, புது பஸ் ஸ்டாண்டுக்காகப் போட்ட அகலச் சாலையில் இறங்கி, சுற்றிக்கொண்டு கோயிலுக்கே வந்து சேர்ந்தால் ஐந்து கிலோமீட்டர்.

ரொம்ப நாள் ஆண்கள் மட்டும்தான் ஓடினார்கள். ஐந்து வருஷமாகப் பெண்களும் ஓடுகிறார்கள். முதல் வருஷம் ஓடிய ஒன்பது பேரில் கோமளாவும் ஒருத்தி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தாள். அதற்கடுத்த மூன்று வருஷமும் அவள்தான் முதல். போன வருஷம் பூந்தமல்லியிலிருந்து வந்த காலேஜ் பெண் ஒருத்தி அவளை முந்தினாள். இந்த வருஷம் கோமளாவுக்கு முப்பத்தாறு வயது. இடது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்புக்குள் ஒரு கம்பி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தவள் வாசல் குழாயில் கைகழுவிக்கொண்டே சொன்னாள்.

"பேரு குடுத்துட்டேன்."

அவள் கையில் ரப்பர் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. உள்ளே அவள் கணவன் பரந்தாமன் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இந்த எட்டு மாசத்தில் குழம்பு கூட்டவும் கீரை ஆயவும் கற்றுக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்குக் குடுத்த?"

"ஓட்டத்துக்கு."

கீரையை முறத்தில் போட்டான். "வெளாடறியா? கால்ல கம்பி கீது."

"கம்பி கீதுன்னு டாக்டருக்கும் தெரியும். எலும்பு கூடிகிச்சு, மெல்ல ஓடிப் பாரு, வலி ஏறினா நின்னுடுன்னு அவருதான் சொன்னாரு."

"அவரு ரோட்ல ஓடச் சொல்லல."

"பின்ன ஊட்டுக்குள்ளயா ஓடச் சொன்னாரு?"

நடையில் கூழுக்குக் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள் நாகம்மாள், அவன் அம்மா. கோமளாவுக்குச் சொந்த அத்தை. சின்ன வயசிலிருந்தே கோமளாவைக் 'கோமு' என்றுதான் கூப்பிடுவாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "ஏண்டா அவகிட்ட கத்தற? ஓட முடியலன்னா அவளே நின்னுக்கறா."

"நீ சும்மா கிடம்மா. மறுபடியும் கீய உயுந்தா யாரு பாக்கறது?"

அப்போது பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சல்லடை கேட்டு வந்தாள். நாற்பத்தைந்து வயசு, கனத்த உடம்பு. தெருவில் ஒரு சேதி அவள் காதில் விழுந்தால் அடுத்த தெருவுக்கு அது நடந்து போக வேண்டியதில்லை.

"ஓடப்போறியாமே கோமு? நானும் பேரு குடுத்துக்கீறேன். ஓடறனோ இல்லியோ, மஞ்ச பனியன் குடுக்கறாங்க இல்ல." சிரித்துவிட்டுக் கோமளாவின் காலைப் பார்த்தாள். "பாவம். அந்த நாயி மட்டும் குறுக்க வரலன்னா உனுக்கு இந்தக் கதி வருமா?"

"ஆமாக்கா" என்றாள் கோமளா.

பரந்தாமன் எழுந்து கீரையை அலசப் போனான்.

எட்டு மாசமாக அவள் 'ஆமா' என்றுதான் சொல்லி வந்தாள். நாய் எதுவும் வரவில்லை. கார்த்திகை மாசம், மாங்காட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. பரந்தாமன் செல்போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு சிநேகிதன் தமிழ்வாணனோடு பேசிக்கொண்டு வந்தான். ஆட்டோ சீட்டுக்குப் புது ரெக்சின் சிவப்பில் போடுவதா நீலத்தில் போடுவதா என்பதுதான் பேச்சு. திருமழிசை தாண்டி ஒரு திருப்பத்தில் தண்ணீர் அரித்துக்கொண்டு வந்த மணல் கிடந்தது. அவன் பார்க்கவில்லை. வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்தது. ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த கோமளாவின் காலின்மேல் முழு வண்டியும் விழுந்தது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

கூட்டம் கூடியபோது அவன், "நாய் குறுக்க வந்துருச்சு, நாய் குறுக்க வந்துருச்சு" என்று அழுதான். அவளுக்குக் கண்தான் மூடியிருந்தது. காது கேட்டது. ஆம்புலன்ஸில் சொன்னான், ஆஸ்பத்திரியில் சொன்னான், அவள் அம்மா வீட்டாரிடம் சொன்னான். அடிபட்டதில் அவளுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை என்று அவன் நம்பினான். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

பேர் கொடுப்பதற்கு முன்பிருந்தே காலையில் ஐந்தரைக்கு ஏரிக்கரையில் ஓடிப் பழகி வந்தாள். இரண்டு வாரமாக அகல்யா கூட வந்தாள். மெயின்ரோட்டு ஓரத்துப் பெரிய அடுக்குமாடியில் குடியிருப்பவள். நாமக்கல் பக்கத்துக்காரி. அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை. மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்ச் நெஞ்சுத் துடிப்பைக்கூடக் காட்டியது.

"மூணு நிமிஷம் ஓடுங்கக்கா, ரெண்டு நிமிஷம் நடங்க" என்பாள்.

முதல் நாள் மூன்று நிமிஷம் முடிவதற்குள் கோமளாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வலி எலும்பில் இல்லை. கம்பியை உள்ளே விட்ட இடம், முட்டிக்குக் கீழே, யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. சமதரையில் பொறுத்துக்கொள்ளலாம். கரையிலிருந்து இறங்கும்போது பல்லைக் கடிக்க வேண்டும். ஏரியில் கால்வாசித் தண்ணீர். அக்கரையில் எருமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் பின்னால் பஸ் ஸ்டாண்டின் நீளமான கூரை வெயில் படாமல் சாம்பலாகத் தெரிந்தது.

"எப்படிக்கா அடிபட்டுது?" என்று ஒருநாள் அகல்யா கேட்டாள்.

'நாய் குறுக்க வந்துச்சு' என்று வழக்கமாக வரும் பதில் அன்றைக்கு வரவில்லை. ஊருக்கே புதுசான பெண். அவளிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "வண்டியிலேர்ந்து உயுந்துட்டேன்" என்றாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கோமளாவின் கம்பெனி ரப்பர் உதிரிகள் செய்வது. விபத்துக்கு முன் கோமளா பிரஸ்ஸில் நின்றாள். அச்சைத் திறந்து, கொதிக்கிற ரப்பர்த் துண்டுகளைக் கம்பியால் நெம்பி எடுத்து, புது ரப்பரை வைத்து மூட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றே. ஆண்களே கைமாற்றிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை. அவள் ஏழு வருஷம் செய்தாள். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து பிளேடால் பிசிறு வெட்டினாள். வளையம்போன்ற கறுப்புத் துண்டுகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைச் சுற்றிச் சுற்றிச் சீவ வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம்.

"மறுபடியும் என்னிய பிரஸ்லயே போடுங்க சார்" என்று சூப்பர்வைசர் ஹேமநாதனிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

"அவசரம் இன்னாம்மா? உன் வூட்டுக்காரரு அன்னிக்கு வந்து, உக்கார்ற வேலையே குடுங்கன்னு அவ்ளோ கெஞ்சிட்டுப் போனாரு" என்றார் அவர்.

பரந்தாமன் வந்து பேசிவிட்டுப் போனது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அகல்யா போன் செய்தாள். "அக்கா, கோயில்கிட்ட லிஸ்ட் ஒட்டியிருக்காங்க. உங்க பேரை அடிச்சிருக்கு. வரலயா நீங்க?"

கோமளா போய்ப் பார்த்தாள். முப்பத்தொன்றாவது பேர். பச்சை இங்க்கில் ஒரு கோடு. திரும்பி வந்தபோது பரந்தாமன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டில் பழைய கிழிந்த ரெக்சினே இருந்தது. புதுசு போடவே இல்லை.

"எம்பேர நீயா அடிக்கச் சொன்ன?"

துணியைப் பிழிந்தான். "ஆமா."

"என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா?"

"கம்பெனிலயும் போயி சொல்லிக்கீற. என்னிய ஸ்டூல்லயே உக்கார வெக்கச் சொல்லி."

"உன் நல்லதுக்குத்தான் கோமு."

"எனுக்கு எது நல்லதுன்னு நீ ஒருத்தன் முடிவு பண்ணுவியா?"

"மறுபடியும் உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. அவ்ளோதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தான். அந்தக் கண்ணாடி ஏற்கெனவே துடைத்ததுதான்.

கோமளாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். இந்த எட்டு மாசத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் உட்கார வைத்ததும் துணி துவைத்ததும் கஞ்சி ஆற்றிக் கொடுத்ததும் அந்த முகம்தான். அவள் நொண்டினால் அது சுருங்கும். சிரித்தால் லேசாக விரியும். அந்த முகத்துக்காகவே நொண்டாமல் நடக்கப் பழகினாள். இப்போது அதுவே அவள் பேரை அடித்திருந்தது. உள்ளே போய், மாமியாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

ஞாயிறு விடியும்போது பரந்தாமன் வீட்டில் இல்லை. ஆட்டோவும் இல்லை. நாகம்மாள் இருட்டிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். கோமளா ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம். மூன்று அண்டாக்களுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். பம்பைக்காரர்கள் தோலைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான் மன்றத்துச் செயலாளர். அது தமிழ்வாணன்தான்.

"எம்பேர எழுதிக்க தமிழு" என்றாள்.

"அண்ணாத்த வேணான்னாரே..."

"உங்க அண்ணாத்த பேர எழுதச் சொல்லல. எம்பேர எழுது."

தமிழ்வாணன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி விழுந்தபோது போனின் மறுமுனையில் இருந்தவன் அவன். விழுந்த சத்தம் அவன் காதில்தான் போய் மோதியது. அதற்கப்புறம் அவன் இவர்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. நாற்பத்தேழாவதாக அவள் பேரை எழுதி, நம்பர் அட்டையும் நாலு ஊக்கும் கொடுத்தான். "பாத்துப் போங்கண்ணி" என்றான் மேஜையைப் பார்த்து.

ஆறு மணிக்குப் பம்பை முழங்கியது. கொடி அசைந்தது. அடுக்குமாடிப் பெண்கள் நல்ல ஷூவும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போனார்கள். ஊர்ப் பெண்கள் சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு கத்திக்கொண்டே போனார்கள். போன வருஷத்துக் காலேஜ் பெண் முதல் திருப்பத்திலேயே மறைந்துவிட்டாள். கோமளா வேண்டுமென்றே பின்தங்கினாள். கூடவே வந்த அகல்யாவைக் கரைமேல் ஏறியதும், "நீ போம்மா, எனுக்காக நிக்காத" என்று அனுப்பிவிட்டாள்.

முதல் ஒன்றரை கிலோமீட்டர் நன்றாகவே ஓடினாள். காலுக்குப் பழைய கணக்கு மறக்கவில்லை என்று தோன்றியது. கரையிலிருந்து இறக்கத்தில் கால் வைத்ததும் வலி வந்தது. அழுத்துகிற விரல் இப்போது திருகியது. நின்றாள். குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வோர் அடியாக இறங்கினாள். அகலச் சாலைக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் யாரும் தெரியவில்லை.

பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டது. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியில் வரும் வண்டி. சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது. பின்சீட்டில் மஞ்சள் பனியனைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். கரை ஏறும்போதே அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது.

பரந்தாமன் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான். "ஏறிக்க கோமு."

"ஏறல."

"நொண்டற."

"தெரியுது."

"ஏறுடி" என்றாள் கன்னியம்மா. "இதுக்குன்னுதான விடியக்காலைலேர்ந்து வண்டியப் போட்டுகினு நிக்கறான். அந்த நாசமாப்போன நாயி மட்டும் வரலன்னா இந்நேரம் நீ மொத ஆளாப் போயி தண்ணி குடிச்சிகினு இருப்ப."

கோமளா 'ஆமாக்கா' என்று சொல்லவில்லை. மூச்சு அதற்குப் போதவில்லை என்பதும் உண்மை. நடந்துகொண்டே இருந்தாள். ஆட்டோ அவள் வேகத்துக்குத் திணறிக்கொண்டு வந்தது.

"நாயி வரல கன்னிம்மாக்கா" என்றான் பரந்தாமன்.

"இன்னாது?"

"நாயே இல்ல. ஹெல்மெட்ல போனச் செருகிகினு நான் பேசிகினு வந்தேன். மணலு கெடந்தத பாக்கல. நாந்தான் போட்டுட்டேன்."

கன்னியம்மா சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தாள். கோமளாவைப் பார்த்தாள். கோமளா ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"கோமு, உங்கிட்டதான் சொல்றேன்."

"எனுக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"உயுறதுக்கு முன்னாடிலேர்ந்து. செவப்பா நீலமான்னு தமிழுகிட்ட பேசிகினு வந்த. நீ நீலம்னு சொல்லி முடிக்கல, சாஞ்சிட்டோம்."

ஆட்டோ நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. மறுபடி கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"எட்டு மாசமா ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்." நாலு அடி நடந்தாள். "அப்பறம், சொல்லாட்டியும் போவட்டும்னு ஆயிடுச்சு. ஆனா நீ சும்மா இல்லியே. தூக்கறதும், சோறு ஊட்றதும், கம்பெனில போயி பேசறதும், பேர அடிக்கறதும். எல்லாம் தப்பு பண்ணவன் பண்றது மாதிரியே இருந்துச்சு. புருசன் பண்றது மாதிரி இல்ல."

"நான் எறங்கிக்கறேம்பா" என்றாள் கன்னியம்மா. மூச்சு முட்டி ஏறியவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிளாட் போட்ட நிலத்தின் குறுக்கே கோயிலைப் பார்க்க வேகமாக நடந்தாள்.

இருவரும் அவள் போவதைப் பார்த்தார்கள்.

"ஊரு பூரா சொல்லிடுவா" என்றான்.

"சொல்லட்டும்."

"ம். சொல்லட்டும்." ஹேண்டிலைப் பிடித்தபடி இருந்தான். "நான் பின்னால வரட்டா?"

"நீ பின்னால வந்தா என்னால ஓட முடியல. முன்னால போ."

"கடைசி வண்டி பின்னாலதான் வரணும்னு தமிழு சொன்னான்."

"ஏத்தறதுக்கு இனிமே யாரு கீறா? போ."

அவன் போனான். அத்தனை அகலமான சாலையில் அவள் ஒருத்தி. ஒருபக்கம் தகரத் தடுப்பு, மறுபக்கம் எல்லைக் கல் நட்ட காலி மனைகள். வெயில் ஏறிவிட்டது. பால் வண்டி ஒன்று எதிரே வந்து ஒதுங்கிப் போனது. அகல்யா சொன்ன மூன்று நிமிஷம் முடியவில்லை; நூறு அடி ஓடினாள், நூறு அடி நடந்தாள். பின்பு நூறு ஐம்பதானது. வலி ஏறினால் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏறிய இடத்தில் நின்றாள். இறங்கியதும் கிளம்பினாள். இதற்குமுன் ஐந்து தடவையும் முன்னால் ஓடுபவளின் முதுகையோ பின்னால் வருபவளின் காலடியையோ தவிர எதையும் அவள் கவனித்ததில்லை. சாலை இவ்வளவு நீளம் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

கோயில் தெருவுக்குள் திரும்பியபோது பரிசுகூடக் கொடுத்து முடித்துவிட்டார்கள். ரிப்பனைச் சுருட்டி வைத்தாயிற்று. பம்பைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூழுக்குச் சொம்பும் தூக்குமாக வந்த கூட்டம் கோட்டின்மேலேயே நின்றது. அகல்யா மட்டும் கையை அசைத்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினாள். கூட்டம் விலகியது. சுண்ணாம்புக் கோட்டைக் கோமளா தாண்டினாள்.

தமிழ்வாணன் மைக்கைப் பிடித்திருந்தான். மற்றவர்களுக்கெல்லாம் அடுக்கி அடுக்கிப் பேசியவன், "கோமளா, கங்கையம்மன் கோயில் தெரு, ஒரு மணி பத்து நிமிசம்" என்று மட்டும் சொன்னான். யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அண்டாப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். கன்னியம்மா வந்து சேர்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் தலையைக் குனிந்தபடி பரந்தாமன் நின்றான். அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாகம்மாள் துடுப்பால் கூழைக் கிளறியவாறே கேட்டாள்.

"இன்னாடா சொல்றா இவ?"

"ஆமாம்மா. நெசந்தான்."

துடுப்பு நின்றது. மகனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கூழ் அடிப்பிடிக்கத் தொடங்கவே மறுபடி கிளறினாள். "பச்ச மண்ணாட்டம் மூஞ்சிய வெச்சிகினு புளுகிக்கீறியேடா, இத்தினி மாசமா" என்றாள். வேறொருத்தி, "பொண்டாட்டி காலை ஒடச்சிட்டு நாய் மேல பழி போட்டானாமே" என்று காதுபடவே சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் 'ஆமா' என்றான். கோமளா குழாயடிச் சிமெண்டு மேடையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்காகப் பேச எழுந்து போகவில்லை. அகல்யா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு கூழும், கருவாட்டுக் குழம்பும், கடித்துக்கொள்ள வெங்காயமும் வாங்கி இரண்டு சொம்பு குடித்தாள். அவ்வளவு பசி.

பிற்பகலில் கால் வீங்கிவிட்டது. வீட்டில் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். தெருவில் அம்மன் கரகம் சுற்றி வந்துகொண்டிருந்தது. பம்பைச் சத்தம் கிட்டே வருவதும் தள்ளிப் போவதுமாக இருந்தது. பரந்தாமன் மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து துண்டில் சுற்றி முட்டிக்குக் கீழே வைத்தான்.

"வலிக்குதா?"

எட்டு மாசமாக அவன் இதைக் கேட்காத நாள் இல்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் 'இல்ல' என்றே சொல்லியிருந்தாள். ஆமாம் என்றால் அந்த முகம் சுருங்கும், எழுந்து வெளியே போய்விடுவான், பிறகு அவனைத் தேற்றுகிற வேலையும் அவளுக்கு வரும்.

"வலிக்குது" என்றாள். "நல்லா வலிக்குது. இன்னிக்கு மட்டும் இல்ல. தெனமும் வலிக்குது. மய பேஞ்சா கம்பி போற வழி பூரா கொடையுது. படிக்கட்டு எறங்கும்போது கண்ணுல தண்ணி வந்துடும். உக்காந்து எழுந்தா அஞ்சு நிமிசம் அது என் காலே இல்ல."

அவன் முகம் சுருங்கியது. எழுந்து போவான் என்று பார்த்தாள். போகவில்லை. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பறம்?" என்றான்.

அவள் சொன்னாள்.